பெயர் என்னுடையது, வயது உன்னுடையது

ஜனவரி 11

அன்புத் தங்கைக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, உன் மகள் சுண்டெலி மூவரும் நலம்தானே? உன் இடது தோள் வலி எப்படி இருக்கிறது? தபால் பையை அந்தப் பக்கம் மாட்டாதே என்று சொன்னால் கேட்கிற ஆளா நீ.

புது வருஷத்துக்குப் பன்னிரண்டு உறை வாங்கினேன். உட்கார்ந்த இடத்தில் பன்னிரண்டிலும் உன் பெயரையும் விலாசத்தையும் எழுதி அடுக்கி வைத்துவிட்டேன். உன் பெயரைத் தொடங்கினால் பேனா கடைசி எண் வரை நிற்காமல் ஓடுகிறது. போனில் பேசினால்தான் நமக்குச் சண்டை வருகிறதே. அம்மாவின் கத்தரிக்கோலை யார் தொலைத்தது என்று போனில் ஆரம்பித்து, பதினொரு மாதம் பேசாமல் இருந்தது போதும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். சுண்டெலிக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி போட்டுவிடு. இரண்டு ஊசி, நடுவில் ஆறு மாதம், அவ்வளவுதான்.

நேற்று லேபில் ஒரு ஸ்லைடு பார்த்தேன். மைக்ரோஸ்கோப்புக்கு வரும்போது பெயர் வராது, எண்ணும் வயதும் மட்டும்தான். வயது தெரியாமல் ஸ்லைடைப் படிக்காதே என்பது இந்த வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். நேற்று வந்தவளுக்கு முப்பத்தெட்டு. அந்த வைரஸ் புகுந்த செல்லில் உட்கருவைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று இருக்கும், துணியில் தண்ணீர்க் கறை காய்ந்த மாதிரி. இவளுக்கு அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய். பத்து வருஷம் முன்னால் யாராவது பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சுண்டெலியைப் பெரியம்மா கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். தோள் வலிக்கிறதுதான். வலிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்? உன் மூட்டு எப்படி?

ஊசியைப் பற்றி உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “அது அந்த மாதிரிப் பழக்கத்துல வர்றதாமே, குழந்தைக்கு எதுக்கு இப்பவே?” என்றார். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. தபால் பிரிக்கும் இடத்தில் எதிரில் உட்காருகிற அம்மாள், அந்த ஊசி போட்டால் பெண்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்கிறார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு.

நீ சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம் என்கிற கதை நம் வீட்டில் வேண்டாம். நீ உனக்குப் பரிசோதனை செய்துகொண்டது எப்போது? இருபத்திரண்டு வருஷமாக ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் பார்த்தாயே, உன்னை யாராவது பார்த்தார்களா?

ஒரு ஒப்பந்தம் போடுவோம். நீ பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டேன் என்று எழுது. அந்த வாரமே இவளுக்கு ஊசி. உன் மாப்பிள்ளையை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

பிரியமுடன்,
உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆசை. மூட்டு, படி ஏறும்போது மட்டும் தன் பெயரைச் சொல்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல்: மழை வருவதற்கு முன்னால்தான் குடை வாங்க வேண்டும். குடை வாங்கியதால் யாரும் மழையில் ஆடப் போவதில்லை. வைரஸ் உள்ளே வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசிக்கு வேலை. அதற்காகத்தான் இந்த வயது. இன்னொன்றும் சொல், அது பெண்களோடு நிற்கிற வியாதி இல்லை. ஆண்களுக்கும் அந்த உறுப்பில் புற்றுநோய் வர அதுவே காரணமாகலாம். பல இடங்களில் பையன்களுக்கும் போடுகிறார்கள். அந்த எதிர் மேசை அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்னைப் பற்றி ஏன் இப்போது? உன் அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாற்பத்தொன்பது வயதில் இதெல்லாம் எதற்கு? எங்கள் லேபில் கொடுத்தால் பக்கத்து மேசை லவுட்ஸ்பீக்கர் கைக்குத்தான் படிவம் போகும். எனக்குப் புது மூக்குக் கண்ணாடி வாங்கிய செய்தியை நான் மாட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே மூன்று மாடிக்கும் சொன்னவள். பார்க்கலாம், செய்கிறேன். நீ ஊசிக்குத் தேதி வாங்கு.

உன் அக்கா


மார்ச் 2

அக்கா,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

அத்தான் போனால் வைரஸும் கூடவே போய்விடுமா? பத்து, இருபது வருஷம் சத்தம் போடாமல் உடம்புக்குள் கிடக்கும் என்று போன வருஷம் எனக்கு எழுதியது யார்? அந்தக் கடிதம் பீரோவில் இருக்கிறது. வேண்டுமானால் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று நீதான் எல்லோருக்கும் சொல்வாய்.

மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். குடைக் கதை வேலை செய்தது. ஆனால் நீ எழுதும் வரை நான் தேதி வாங்க மாட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். உன்னிடமிருந்து கற்றதுதானே.

உன் தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

கொடுத்தாயிற்று.

பஸ் நிலையத்தில் பெண்களுக்கான பரிசோதனை வண்டி வந்து நின்றது. ஒரு படிவம், ஒரு பஞ்சுக்குச்சி. திரை மறைவில் நாமே எடுத்துக் கொடுத்துவிடலாம், ஐந்து நிமிஷம். முடிவு தபாலில் வருமாம். என் பக்கம் முடிந்தது, உன் பக்கத்தை முடி.

வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை. சுண்டெலிக்கு முத்தம்.

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமா? போன கடிதத்தில் வழக்கமாக எழுதுகிற நலத்தைக் காணோம். என் தோளையும் விசாரிக்கவில்லை. வேலை அதிகமென்றால் ஒரு சொல் எழுதக்கூட நேரமில்லையா?

சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். செவ்வாய்க்கிழமை சுண்டெலிக்கு முதல் ஊசி போட்டாயிற்று. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள் நர்ஸைப் பார்த்ததும் கப்சிப். ஊசி குத்தி எடுத்த பிறகு, “இவ்வளவுதானா? பெரியம்மா இதுக்கா மூணு மாசம் கடிதம் எழுதினாங்க?” என்று கேட்டாள். கை வலிக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் பாத்திரம் தேய்க்கவில்லை. எந்தக் கையில் போட்டது என்று கேட்டால் கையை மாற்றி மாற்றிக் காட்டுகிறாள்.

முடிவு வந்ததும் முதலில் எனக்கு எழுது. நல்லதோ கெட்டதோ, எனக்குத்தான் முதலில்.

உன் தங்கை


மே 3

அக்கா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் இதை எழுதுவது வேறு காரணத்துக்காக.

நேற்றுக் காலை தபால் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவின் தட்டில் போட வேண்டிய கட்டில் என் பெயருக்கே ஒரு உறை. மருத்துவப் பரிசோதனை மையத்திலிருந்து. நான் எங்கும் எதுவும் கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். என் பெயர், என் விலாசம். எச்.பி.வி. பதினாறாவது வகை இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கக் கூடிய வகை, தாமதிக்காமல் மேல் பரிசோதனைக்கு வரவும் என்று இருந்தது. தோள் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேனே, அப்போது எடுத்த ரத்தத்தில் ஏதோ பார்த்திருக்கிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

அக்கா, இதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராகப் பேக்கரிக்குப் போனேன். எதிர்த்த பக்கம் நின்றுகொண்டு, அவர் யாரிடம் சிரிக்கிறார், யாருக்கு ஒரு பன் கூடப் போடுகிறார் என்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். பதினாலு வருஷம் கூட வாழ்ந்த மனிதரை இரண்டு மணி நேரத்தில் மூன்று பெண்களோடு முடிச்சுப் போட்டேன். என்னைப் பார்த்துவிட்டு மாவுக் கையோடு ஓடிவந்து, “ஏன் வெயில்ல நிக்கிற? யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். அழுகை வந்துவிட்டது. காகிதத்தை நீட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, “இது உனக்கு இல்லம்மா. வயசு நாப்பத்தொன்பதுன்னு போட்டிருக்கு” என்றார்.

எனக்கு நாற்பத்தொன்று.

பெயர் என்னுடையது, வயது உன்னுடையது. பெயரைப் பொய்யாக எழுதிவிட்டாய், வயதைப் பொய்யாக எழுத உன் தொழில் விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, சோற்றை என் வீட்டுக்கே அனுப்பிவிட்டாய்.

மூன்று தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் கத்துவேன், நீ துண்டிப்பாய். அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன். விரைவுத் தபால் பையில் என் கையாலேயே போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சனிக்கிழமை உன் வாசலில் நிற்பேன்.

உன் தங்கை


மே 8

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. அதனால் எழுதாமல் விடுகிறேன்.

வண்டியில் ஒரு பெண் படிவத்தை நீட்டினாள். என் பெயரை எழுதினால் அது எப்படியும் சுற்றிக்கொண்டு எங்கள் லேபுக்கு வரும் என்று பயம். வேறு ஒரு பெயர் போடலாம் என்று யோசித்தேன். உன் பெயரைத் தவிர எதுவும் வரவில்லை. எழுதினேன். எழுதினால் கை சும்மா இருக்குமா? உறையில் எழுதுகிற மாதிரி விலாசத்தையும் எழுதிவிட்டது. அது எனக்கே தெரியாது. நாற்பது நாளாக என் வாசல் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். வரவில்லை, வரவில்லையென்றால் ஒன்றுமில்லை என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். இப்படிப் பேசுகிற பெண்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

ஏன் இத்தனை வருஷம் கொடுக்கவில்லை என்று கேட்பாய். லவுட்ஸ்பீக்கர் ஒரு சாக்கு. நிஜம் வேறு. உன் அத்தான் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வழியில் கிடந்தவர். திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சீப்பு வாங்கி வருவார். ஏன் சீப்பு என்று கேட்டால், கடையில் வேறெதுவும் வாங்கத் தெரியவில்லை என்பார். பதினேழு சீப்பு இருக்கிறது. எனக்கு அந்த வைரஸ் இருக்கிறது என்று தெரிந்தால் முதல் கேள்வி யாரிடமிருந்து என்றுதான் வரும். வேறு யாரும் கேட்க வேண்டாம், நானே கேட்பேன். பதில் சொல்ல அவர் இல்லை. பொய் சொல்கிற மனிதர் சீப்பு வாங்கி வருவாரா என்று நினைப்பேன். வாங்கி வருவார் என்றும் தோன்றும். அப்புறம் அந்தச் சீப்பில் எப்படித் தலை வாருவேன், சொல்லு.

பயமாக இருக்கிறது. அடுத்து என்ன செய்வார்கள், எந்தக் கருவியில் பார்ப்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் கால் நகரவில்லை.

உன் பெயரில் எழுதியதற்கு மன்னித்துவிடு. மாப்பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மே 12

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மாப்பிள்ளை உன்மேல் கோபமாக இல்லை. என்மேல்தான் கோபம், இரண்டு மணி நேரத்துக்கு மூன்று பெண்கள் ரொம்ப அதிகம் என்கிறார்.

உன் பயம் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் முழுசாகப் புரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? காகிதத்தில் இருந்த ஒரு வரியை வைத்து, ஒரு தப்பும் செய்யாத மனிதரை நான் குற்றவாளி ஆக்கிவிட்டேன். நீயும் அதையேதான் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாய். அத்தானை விசாரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் விசாரித்துக்கொண்டிருக்கிறாய். அவருக்காக நீ செத்துப்போனால் அவருக்கு அதில் என்ன லாபம்?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. கால் நகராவிட்டால் தோள் வலியோடு உன்னையும் தூக்கிக்கொண்டு போவேன்.

நீ உன் ரகசியத்தைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். அம்மாவின் கத்தரிக்கோலைத் தொலைத்தது நான்தான். வருவதற்கு முன்னாலேயே கோபப்பட்டு முடித்துவிடு.

உன் தங்கை


ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

நீ ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போன வீடு இன்னும் சத்தமில்லாமல் இருக்கிறது. ஒன்பது நாளில் ஒரே ஒரு சண்டை, அதுவும் கத்தரிக்கோலுக்கு. சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? தோள்?

சதைப் பரிசோதனை முடிவு நேற்று வந்தது. புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தின படி. அந்த மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுத்தார்களே, அந்தத் துண்டின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் அது என்னவாகியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆறு மாதம் கழித்து வைரஸ் போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அது வரைக்கும் முழுசாகச் சந்தோஷப்படக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா ஒன்று சொன்னார், அப்போது உன்னிடம் சொல்ல முடியவில்லை. யார் கொடுத்தது என்று நான் கேட்கவே இல்லை. என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ. “அதைக் கண்டுபிடிக்க முடியாதும்மா. அவர்கிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கலாம், எப்பவோ வந்து சும்மா கிடந்திருக்கலாம், கல்யாணத்துக்கு முந்தினதாக்கூட இருக்கலாம். முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது வந்து போற வைரஸ்தான் இது. உங்களுக்குப் போகாம தங்கிடுச்சு, அவ்வளவுதான். இத வச்சு யார்மேலயும் எதுவும் சொல்ல முடியாது” என்றார். இது எனக்குத் தெரியாததா? மற்ற பெண்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒருவர் சொல்லக் கேட்டபோதுதான் அழ முடிந்தது.

லவுட்ஸ்பீக்கருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் லீவுக் கடிதத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறாள். இரண்டு வாரமாக என் பங்கு ஸ்லைடுகளையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, “எல்லாத்தையும் சொல்றவளா நான்?” என்று கோபித்துக்கொண்டாள். மூக்குக் கண்ணாடி விஷயத்தை நான் ஞாபகப்படுத்தவில்லை.

இன்று காலை அவர் கடைசியாக வாங்கி வந்த பச்சைச் சீப்பை எடுத்துத் தலை வாரினேன்.

உன் அக்கா


நவம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

நலம் என்பதை இந்த முறையும் பாதிதான் எழுதுகிறேன். மீதி உன் கையில்.

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று என்று சுண்டெலியே எழுதியிருந்தாள். இந்தத் தடவையும் அழவில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாள், அதனால் அழுதிருக்கிறாள் என்று தெரிகிறது.

இன்று மறுபரிசோதனைக்குக் கொடுத்தேன். எங்கள் லேபிலேயே. படிவத்தில் என் பெயரையே எழுதினேன். வயது ஐம்பது. விலாசம் உன்னுடையது. இந்த முறை கை தவறி ஓடவில்லை, யோசித்து எழுதினேன். நல்லதோ கெட்டதோ உனக்குத்தான் முதலில் என்று கேட்டாயே, முதலில் நீ பிரி. லவுட்ஸ்பீக்கரிடம் சொல்லிவிட்டேன், முடிவு அவள் கண்ணில் பட்டாலும் என்னிடம் வாயைத் திறக்கக் கூடாது, அது என் தங்கை சொல்ல வேண்டியது என்று. அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


டிசம்பர் 17

அக்கா,

நீ நலம்.

உறை காலை முதல் கட்டிலேயே வந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரிக்கலாம் என்று பையில் வைத்தேன். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. எதிர் மேசை அம்மாள் பார்க்கப் பார்க்க அங்கேயே கிழித்தேன். முதலில் பெயரைப் பார்த்தேன், உன் பெயர். பிறகு வயதைப் பார்த்தேன், உன் வயது. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கினேன். வைரஸ் காணப்படவில்லை. செல்கள் இயல்பாக இருக்கின்றன. மூன்று தடவை படித்துவிட்டு அந்த அம்மாளிடம் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. தன் பேத்திக்கு ஊசி எங்கே போடுகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

வருஷா வருஷம் போய்ப் பார்க்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறது. என் விலாசத்துக்கே அனுப்பச் சொல். நானும் போன வாரம் கொடுத்துவிட்டு வந்தேன், உன் விலாசம் போட்டு. நீயும் கொஞ்சம் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்.

உன் மாப்பிள்ளை உனக்காக ஒரு கேக் செய்தார், தபாலில் போனால் நொறுங்கும் என்று நாங்களே சாப்பிட்டுவிட்டோம். அதற்குப் பதில் இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், கத்தரிக்கோல். அம்மாவுடையது இல்லை, புதுசு. தொலைத்துவிடாதே.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். அழுதுகொண்டே பேசினால் சண்டை வராது என்று என்ன நிச்சயம்? நீ இதை வாசலிலேயே நின்று பிரிப்பாய் என்று தெரியும். அதனால்தான் சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க.

உன் தங்கை